புகையும் கூரையும்

வீடு கட்டுங் கலையைப் பற்றிப் பேசுவோர் வெயிலைச் சொல்வர், மழையைச் சொல்வர், காற்று வரும் திசையைச் சொல்வர். மனையடி சாத்திரம் வல்லோர் வாயிலுக்குரிய இடத்தையும் கிணற்றுக்குரிய இடத்தையும் குறித்துக் கொடுப்பர். புகையைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், மனிதன் தன் தலைக்குமேல் ஒரு கூரையை வேய்ந்து அதன்கீழ் நெருப்பு மூட்டிய நாள் தொட்டு அவனோடு கூடக் குடியிருந்து வந்தது புகை. அதனை வெளியே போக்குவது ஒரு வேலை. வேண்டும்போது உள்ளே நிறுத்தி வைப்பது மற்றொரு வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டார் இரண்டையும் அறிந்திருந்தனர். புகையை ஆளுவதற்கென்று அவர்கள் கட்டியவை எவை, அவற்றை எவ்வாறு பேணினர், அவை செவ்வையாக இருக்கின்றனவா என்று எவ்வாறு சோதித்தனர் என்பதே, நேயர்களே, இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

குசினியிலிருந்து தொடங்குவோம். குசினி என்ற சொல்லை நமக்குத் தந்துவிட்டுப் போனவர் போர்த்துக்கேயர். அடுக்களை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும் அவர்களுடைய சொல் நம் வீட்டின் பின்புறத்தில் இடம்பிடித்துக்கொண்டது. பாண் சுடும் போறணைக்கும் அவர்களே பெயர் கொடுத்தனர். பெயர்தான் அந்நியம், கட்டிடம் நம்முடையது. பழைய யாழ்ப்பாணத்து வளவில் குசினி பெரும்பாலும் தனிக் கட்டிடமாக நின்றது. நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் திண்ணையும் எத்துணைச் சிறப்பாக அமைந்திருப்பினும், அடுப்பு அங்கே வருவதில்லை. ஓலைக் கூரை வீட்டில் நெருப்புக்கு ஒரு தனி இருப்பிடம் ஒதுக்கி, அது பற்றினாலும் வீடு தப்பட்டும் என்று எண்ணியது முன்னோர் செய்த முதற் காவல். மண்ணால் எழுப்பிய அரைச்சுவர். அதன்மேல் காற்றுப் புகும்படி பனைமட்டை வரிச்சு. அதற்கும் மேல் பனையோலைக் கூரை. புகைக்கூடு என்று தனியே ஒன்று அங்கே இல்லை. கூரை முழுவதுமே புகைக்கூடாக வேலை செய்தது.

இதன் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். சூடேறிய காற்று இலேசானது, ஆதலின் மேலெழும். மேலெழுவதற்கு அது வெளியேறும் வழி மேலே இருந்தால் மட்டும் போதாது. வெளியேறியதற்கு ஈடாகக் குளிர்ந்த காற்று கீழே புகுதலும் வேண்டும். கீழ்வழியை அடைத்துவிட்டு மேல்வழியை எவ்வளவு பெரிதாக்கினாலும் புகை தயங்கி நிற்கும். அரைச்சுவரின்மேல் விட்ட வரிச்சு கீழ்வழி; ஓலையின் இடுக்குகள் மேல்வழி. இத்தகைய குசினியைக் கட்டிய கைகள் விஞ்ஞான நூல் படித்தவையல்ல. ஆயினும் இன்று பெரிய மண்டபங்களுக்குப் புகைவழி வகுக்கும் பொறியியலாளர் முதலிற் கேட்பதும் இதே கேள்விதான்: வெளியே போவது எவ்வழி, அதற்கு ஈடாக உள்ளே வருவது எவ்வழி?

ஓலையூடாகச் செல்லும் புகை அவ்வோலைக்கும் ஒரு நன்மை செய்தது. புகை படிந்த கூரையிற் பூச்சி எளிதில் அண்டாது. தீமூட்டாத வீட்டின் கூரை விரைவில் உளுத்துப்போகும் என்பது கிராமத்தார் அனுபவம். ஆனால் புகை படியப் படியக் கரியும் ஒட்டறையும் சேரும். அவை உலர்ந்தபின் ஒரு பொறி விழுந்தாற் போதும். ஆகவே தைப்பொங்கலுக்கு முன் ஒட்டறை அடித்தலும், மாரி தொடங்குமுன் பழைய ஓலையைக் களைந்து புதிதாக வேய்தலும் வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டவையல்ல. பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும் வழக்கத்தை நாம் சமயச் சடங்காகவே எண்ணிப் பழகிவிட்டோம். அதனுள்ளே ஆண்டுக்கொரு முறை தவறாது நடைபெறும் தீக்காப்புப் பரிசோதனை ஒன்றும் அடங்கியிருந்தது.

இந்தக் குசினியைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையன்று. புகை கூரைவழி சென்றது உண்மை. செல்லுமுன் அது யார் கண்ணிலும் மார்பிலும் தங்கிச் சென்றது? ஊதுகுழலோடு அடுப்பின்முன் குந்தியிருந்த பெண்மக்களின் கண்ணிலும் மார்பிலுமே. கூரைக்கு நன்மை செய்த புகை அவர்களுக்குச் செய்த தீமையை அந்நாளில் எவரும் கணக்கெடுக்கவில்லை. இன்று கணக்கு உண்டு. வீட்டு அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தி தொடங்கிய பின்னர், கல்லும் சீமெந்தும் கொண்டு குசினியை வீட்டோடு சேர்த்துக் கட்டும் வழக்கம் பரவியபோது, சுவர் எழும்பியது. ஓலையின் இடுக்குகள் மறைந்தன. அப்போது புகைக்கூடு இன்றியமையாததாயிற்று. புகைக்கூட்டை அகலமாகக் கட்டினாற் புகை நன்றாகப் போகும் என்று எண்ணிக் கட்டியவர் பலர். மேல்நாட்டிலும் இதே எண்ணம் நெடுங்காலம் இருந்தது. ரம்போர்ட் பிரபு என்னும் விஞ்ஞானி 1790களில் அதனை ஆராய்ந்து, புகைக்கூட்டின் தொண்டையைக் குறுக்கினாலே இழுப்பு மிகும் என்று காட்டினார். இலண்டன் மாநகரத்துச் செல்வர் தம் வீட்டு அடுப்புக்களை உடைத்துத் திருத்திக் கட்டினர் என்பது வரலாறு.

குசினிப் புகைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அடுப்பின்மேல் கட்டியிருந்த பரணில் விதைக்காக ஒதுக்கிய தானியமும் மிளகாயும் வெங்காயமும் தொங்கின. சில வீடுகளில் ஏட்டுச்சுவடிக் கட்டுகளும் அங்கேயே இருந்தன. இராமபாணம் என்னும் பூச்சியும் கறையானும் ஏட்டின் பகைகள். அடுப்புப் புகை அவ்விரண்டுக்கும் பகை. நம் முன்னோர் நூலைக் காத்த முறைகளுள் இஃதொன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பிக்க ஏடு தேடியபோது, கைபட்டவுடன் ஓரம் உதிர்ந்து போகும் சுவடிகளைக் கண்டு உள்ளம் நொந்து எழுதினார். பேணப்படாத வீட்டுச் சுவடியின் கதி அது. அவ்வாறு தப்பிப் பிழைத்து வந்த சுவடிகளிற் பல பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை அடைந்தன. 1981 மே 31ஆந் தேதி இரவு அந்நூலகத்துக்குத் தீயிடப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு அவையும் எரிந்தொழிந்தன. பல தலைமுறையாகப் புகையிலே தொங்கிப் பூச்சிக்குத் தப்பியவை ஓரிரவிற் சாம்பராயின. மனிதன் வேண்டுமென்றே இடுகின்ற தீக்கு முன்னால் கட்டிடக் கலைஞன் வகுக்கும் காவல் எதுவும் போதாது. அதனை இவ்வளவோடு விட்டு என் பொருளுக்குத் திரும்புகிறேன்.

புகையை வேலையாளாக வைத்துக்கொண்டது குசினியோடு நின்றுவிடவில்லை. புகைக்காகவே கட்டப்பட்டு, புகை இல்லாவிடின் பயனேயில்லாத ஒரு கட்டிடமும் குடாநாட்டில் இருந்தது. அதுதான் புகையிலைக் குடில். புகையிலையினால் உடலுக்கு வருங் கேடு இன்று யாவரும் அறிந்ததே. அதனை மறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. இலையைப் பற்றியன்று, இலைக்காக எழுந்த வீட்டைப் பற்றியே பேசுகிறேன்.

புகையிலைப் பயிர் போர்த்துக்கேயர் காலத்திற் குடாநாட்டுக்கு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது பெரும் வருவாய்க்குரிய வாணிபமாயிற்று. செம்மண் தோட்டங்களில் துலாக் கிணற்றிலிருந்து நீரிறைத்து வளர்த்த இலை, தோணிகளிலேறித் திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்கே அதன் விற்பனை நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது; 1863இலேயே அத்தனியுரிமை ஒழிக்கப்பட்டது. மலையாள நாட்டு மக்கள் வெற்றிலையோடு சேர்த்துச் சுவைக்கும் புகையிலையை யாழ்ப்பாணத்தின் பெயரைத் திரித்து ‘ஜாப்பாணம்’ என்றே வழங்கினர். ஊரின் பெயர் பொருளின் பெயராக மாறுவதென்றால், அந்தப் பொருளின் தரம் ஆண்டுக்காண்டு மாறாது இருந்திருத்தல் வேண்டும். அத்தரத்தை நிலைநிறுத்தியவற்றுள் மண்ணும் நீரும் எருவும் ஒருபுறமிருக்க, புகைக்கும் பெரும் பங்குண்டு.

மாரிமழை ஓய்ந்து, வாடைக்காற்றும் அடங்கி, சோளகம் எழுவதற்குமுன் உள்ள இடைக்காலத்தில் இலை முற்றும். வெட்டிய இலையை வாடவிட்டு, கயிற்றிலே கோத்துக் குடிலினுள்ளே தொங்கவிடுவர். குடில் என்பது சாளரமற்ற சிறு கட்டிடம். மண்சுவர், தாழ்ந்த ஒற்றை வாயில், ஓலைக் கூரை. இலைக்குக் கீழே நிலத்தில் தேங்காய் மட்டையையும் பனை ஊமலையும் இட்டு மூட்டுவர். சுவாலை எழக்கூடாது; அணைந்துபோகவுங் கூடாது. கனன்று கனன்று புகையவேண்டும். சுவாலை எழுந்தால் இலை கருகும், கூரையும் போகும். அணைந்தால் இலையிலுள்ள ஈரம் வெளியேறாமற் பூசணம் பிடிக்கும். புகை மிகையாக வெளியேறினால் விறகு விரயம். சற்றும் வெளியேறாவிடில் நெருப்பு மூச்சடைத்து அணையும். இத்தனைக்கும் நடுவே ஓர் அளவு இருந்தது. அவ்வளவை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. அது தோட்டக்காரனின் கண்ணிலும் மூக்கிலும் விரல் நுனியிலும் இருந்தது.

அளவைக் காக்கும் கருவிகள் மூன்றே: வாயில், கூரை, மட்டை. வாயிற் படலைச் சிறிது நீக்கினால் காற்று மிகும், நெருக்கினாற் குறையும். ஈரமட்டையைச் சேர்த்தாற் புகை கனக்கும். உலர்மட்டையைச் சேர்த்தால் வெப்பம் ஏறும். கூரைதான் கடினமானது. அது போதிய அளவு கசியவேண்டும். ஓரிடத்தில் மட்டும் கசியக்கூடாது. ஒரு மூலையில் ஓலை விலகியிருந்தால் புகை முழுவதும் அவ்வழி ஓடிவிடும். எதிர் மூலையிலுள்ள இலை பச்சையாகவே நிற்கும். ஆகவே இலை ஏற்றுமுன் கூரையைப் பார்த்தேயாகவேண்டும். பார்ப்பதற்கு மிக எளிய வழி வெறுங்குடிலிற் புகை மூட்டிவிட்டு வெளியே வந்து நிற்பதுதான். கூரை முழுவதும் ஆவி கிளம்புவதுபோல மெல்லிதாகப் புகை எழுந்தால் வேய்ச்சல் நன்று. ஓரிடத்திலிருந்து கயிறுபோல எழுந்தால் அவ்விடத்தில் ஓலை வைக்கவேண்டும். சுவரின் வெடிப்பு வழியே வந்தால் மண் குழைத்துப் பூசவேண்டும். குற்றத்தைப் புகையே கைகாட்டிச் சொல்லிவிடும்.

புகையைக் கொண்டே புகைவழியைச் சோதிப்பது நம் தோட்டக்காரர்க்கு மட்டும் தோன்றிய உபாயமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் சுகாதாரப் பரிசோதகர்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களினுள்ளே புகையைச் செலுத்தி, எந்தப் பொருத்திலிருந்து அது வெளிப்படுகின்றது என்று பார்த்தே குழாயின் குறையைக் கண்டுபிடித்தனர். கண்ணுக்குத் தெரியாத காற்றின் போக்கைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு அதைவிட மலிவான பொருள் இல்லை.

குடிலினுள்ளே ஆபத்தும் இருந்தது. காற்றுக் குறைந்த இடத்திற் கனலும் நெருப்பு, விஞ்ஞான நூல்கள் காபனோரொட்சைட்டு என்று கூறும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரிந்தாலாவது மனிதன் வெளியே ஓடிவருவான். இது கண்ணை எரிக்காமலே மயக்கத்தைத் தரும். படலை முழுவதும் திறந்து, புகை வடிந்து, உள்ளே மறு சுவர் தெளிவாகத் தெரிந்தாலும் அதுமட்டும் பாதுகாப்பாகாது. புகை தெளிந்தபின்னும் வாயு அகலாது நிற்கக்கூடும்.

கடைசிப் பரிசோதனை வாணிபனுடையது. அவன் சிப்பத்தை அவிழ்த்து ஓரிலையை எடுத்து முகர்வான். நடுக்காம்பை முறித்துப் பார்ப்பான். விரலால் நீவி நிறத்தை நோக்குவான். கூரையின் எந்த மூலை ஒழுகியது, எந்த இரவில் நெருப்புக் காத்தவன் உறங்கினான் என்பதெல்லாம் அந்த இலையில் எழுதப்பட்டிருக்கும். குடிலைப் பேணாதவனுக்கு அபராதம் விதிக்க அரசாங்க உத்தியோகத்தர் வரவேண்டியதில்லை. விலை குறையும், அவ்வளவுதான். அடுத்த பங்குனிக்குமுன் அவன் கூரை புதிதாக வேயப்பட்டிருக்கும்.

இதே இலைக்கு முற்றிலும் எதிரான இன்னொரு கட்டிடமும் பிற்காலத்தில் எழுந்தது. சிகறெற்றுக்கு வேண்டியது வேர்ஜீனியா இலை. அது பொன்னிறமாக இருத்தல் வேண்டும். புகைமணம் சற்றும் படிதலாகாது. 1839இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில், ஸ்டீபன் என்னும் அடிமைத் தொழிலாளி நெருப்புக் காக்கும்போது உறங்கிவிட்டான் என்றும், அணையப்போன நெருப்பை விறகுக்கரி இட்டு அவசரமாக எழுப்பினான் என்றும், புகையில்லாத அந்தக் கடுஞ்சூட்டில் இலை பொன்னிறமாயிற்று என்றும் ஒரு வரலாறு வழங்கிவருகின்றது. ஓர் உறக்கம் உலக வாணிபத்தையே மாற்றியது போலும்! அதன்பின் நெருப்பைக் கட்டிடத்துக்கு வெளியே வைத்து, அதன் சூட்டை மட்டும் இரும்புத்தகட்டுக் குழாய் வழியே உள்ளே சுற்றிவரச் செய்து, புகையை மறுபுறத்துப் புகைக்கூட்டால் வெளியேற்றும் முறை உண்டாயிற்று. தென்னிந்தியாவில் ஆந்திர நாட்டுக் குண்டூர்ப் பகுதியில் 1920களின் இறுதியில் இத்தகைய சூட்டுக் கொட்டில்கள் தோன்றின. இலங்கையிலும் சிகறெற்றுப் புகையிலை பயிரான இடங்களில் அவை கட்டப்பட்டன.

இரண்டையும் ஒப்புநோக்கினால் வேடிக்கையாக இருக்கும். குடிலிற் புகையை வெளியே விடாமற் காத்தனர். கொட்டிலிற் புகையை உள்ளே விடாமற் காத்தனர். கொட்டிலுக்குக் கீழே காற்றுப் புகும் துளைகளும் முகட்டிலே திறந்து மூடும் வழியும் உண்டு. முதலில் இலை மஞ்சளிக்கப் பரனைற்று 95 முதல் 100 பாகை வரை சூடு. பின்னர் படிப்படியாக ஏற்றி, நடுக்காம்பு உலரும் முடிவில் 160 பாகையளவு. ஐந்து முதல் ஏழு நாள்வரை இரவும் பகலும் ஒருவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். குழாயில் ஊசித்துளை அளவு வெடிப்பு இருந்தாலும் புகை கசிந்து இலையின் மணம் கெடும். பொறி கசிந்தால், காய்ந்து உதிர்ந்த ஓரிலையிற் பற்றிக் கொட்டில் முழுவதும் எரியும். ஆதலால் குழாய்க்கு மேலே, உதிரும் இலையைத் தாங்குவதற்குக் கம்பிவலை விரிப்பர். பருவம் தொடங்குமுன் வெறுங் கொட்டிலின் அடுப்பில் ஈரவைக்கோலை இட்டு மூட்டி, உள்ளே எங்கேனும் புகை தென்படுகிறதா என்று பார்ப்பர். தென்பட்ட பொருத்தைக் களிமண்ணால் அடைத்து மீண்டும் மூட்டிப் பார்ப்பர். குடிலுக்குச் செய்த பரிசோதனையேதான், விடைதான் மாறானது.

திருவிதாங்கூர்ச் சந்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே சுருங்கத் தொடங்கியது. சுருட்டுத் தொழில் தென்னிலங்கையை நம்பிச் சில காலம் தழைத்தது. பின்னர் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டன. 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட போர்க்காலத்தில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வலிகாமம் வடக்கிலே பல ஊர்களுக்கு ஆண்டுக்கணக்காக எவரும் திரும்ப முடியவில்லை. ஓலைக் கூரைக் கட்டிடம் இரண்டு மாரி கவனிப்பாரற்று நின்றால் மூன்றாவது மாரிக்கு இராது.

இதுவரை கூறியவற்றில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். குசினி நாள்தோறும் புகைந்தது. குடில் ஆண்டுதோறும் புகைந்தது. பழுது ஏற்பட்டால் உடனே தெரிந்தது. தெரிந்தவுடன் கைப்பொருள் நட்டப்பட்டது. ஆகவே எவரும் சொல்லாமலே பரிசோதனை நடந்தது. ஆனால் ஒரு கட்டிடத்தின் புகைவழி ஐம்பது ஆண்டுக் காலத்தில் ஒரேயொரு நாள், அதிலும் ஒரு கால்மணி நேரமே வேண்டப்படுமாயின், அதனை யார் பேணுவார்? யார் சோதிப்பார்? மக்கள் பெருந்தொகையாகக் கூடும் மண்டபங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சிக்காகோ நகரில் 1903 நவம்பரில் இரோக்குவா நாடகசாலை திறக்கப்பட்டது. தீயே பற்றாத கட்டிடம் என்று விளம்பரம் செய்தனர். மேடைக்கு மேலே கூரையிற் புகை வெளியேறுவதற்கு வழிகளும் வைத்திருந்தனர். ஆனால் வேலை முடியாமையால் அவற்றைத் திறவாதபடி அடைத்து வைத்திருந்தனர். டிசம்பர் 30ஆந் தேதி பகற்காட்சியில் மேடைத்திரை ஒன்றில் தீப்பற்றியது. நடிகர் தப்பியோடுவதற்காகப் பின்கதவைத் திறக்க, புகுந்த காற்று மேலே போக வழியின்றித் தீயையும் புகையையும் மக்கள் இருந்த பக்கத்துக்கே தள்ளியது. 602 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் விடுமுறை நாளில் நாடகம் பார்க்க வந்த குழந்தைகளும் தாய்மாரும். நம் குசினிக்குச் சொன்ன விதிதான்: கீழ்வழி திறந்தது, மேல்வழி திறக்கவில்லை. கட்டிடம் திறந்து ஐந்து கிழமைகளே ஆகியிருந்தன. இந்த ஐந்து கிழமைக்குள் ஒருநாளேனும் ஒருவர் கூரையிலேறி அக்கதவுகளை இழுத்துப் பார்த்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

நமக்கு அணித்தான நாட்டிலும் இத்தகையவை நிகழ்ந்துள்ளன. 1997 யூன் 13ஆந் தேதி புதுடில்லியில் உப்கார் படமாளிகையின் கீழ்த்தளத்தில் மின்மாற்றி தீப்பற்றியது. தீ மாடிக்கு ஏறவில்லை. புகை படிக்கட்டு வழியே ஏறியது. மாடியில் இருந்தவர்களில் 59 பேர் மூச்சடைத்து இறந்தனர். 2011 டிசம்பர் 9ஆந் தேதி விடியற்காலையிற் கல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் நிலவறையிலே பற்றிய தீயின் புகை, கண்ணாடியால் நாற்புறமும் மூடப்பட்ட அக்கட்டிடத்தின் மேல்மாடிகளுக்கு ஏறிப் படுக்கையிற் கிடந்த நோயாளரைச் சூழ்ந்தது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். இவ்விரு இடங்களிலும் தீயால் வெந்தவரைவிடப் புகையால் மூச்சடைத்து மாண்டவரே பெரும்பாலர். தீயணைப்பு என்றவுடன் நாம் தண்ணீரையே நினைக்கிறோம். தண்ணீர் வந்து சேருமுன்னரே புகை தன் வேலையை முடித்துவிடுகின்றது.

யாழ்ப்பாண நகரம் நெடுங்காலம் இரண்டு மூன்று மாடிகளுக்குமேல் உயரவில்லை. புகை எங்கே பற்றினும் முற்றத்துக்கு ஓடிவந்துவிடலாம் என்ற நம்பிக்கை நமக்கு இருந்தது. அந்நிலை மாறிவிட்டது. பொதுநூலகத்துக்கு அருகே இந்திய அரசின் நன்கொடையால் எழுந்து, 2023 பெப்ருவரியிற் கையளிக்கப்பட்டு, 2025இல் திருவள்ளுவர் பெயரும் சூட்டப்பெற்ற பண்பாட்டு மையத்தில் பதினொரு மாடிக் கோபுரமும் அறுநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கும் உள்ளன. விடுதிகளும் வாணிப மாடங்களும் அதனைப் பின்பற்றி உயர்கின்றன. இத்தகைய கட்டிடங்கள் குளிரூட்டப்பட்டவை, ஆகவே அடைக்கப்பட்டவை. ஓலையின் இடுக்கு செய்த வேலையை இவற்றில் இயந்திரம் செய்யவேண்டும்.

உயர்ந்த கட்டிடங்களில் அவ்வியந்திரம் செய்வது என்ன? புகையுணரி எச்சரித்தவுடன் கூரையிலோ சுவரிலோ உள்ள புகைக்கதவு திறக்கவேண்டும். ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடிக்குச் செல்லும் காற்றுக் குழாயினுள்ளே அடைப்புத் தகடு விழுந்து வழியை மூடவேண்டும். இறங்கி ஓடும் படிக்கட்டறைக்குள்ளே மின்விசிறி வெளிக்காற்றைச் செலுத்தி, அங்கே அமுக்கத்தைச் சிறிது கூட்டவேண்டும். அப்போது கதவு திறந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுமன்றிப் புகை உள்ளே வராது. கூட்டவேண்டிய அமுக்கம் மிகச் சிறிது. 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமம் 50 பசுக்கால் என்று கூறியது. ஐந்து மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கமே அது. அதற்குமேல் மிகுந்தாலும் கேடு. கதவைத் தள்ளித் திறக்க முடியாமற்போகும். நூறு நியூற்றனுக்கு மேல், அதாவது பத்துக் கிலோகிராம் நிறையைத் தூக்கும் விசைக்குமேல் வேண்டியிருத்தலாகாது என்பது அதே நியமத்தின் விதி. குறைந்தாற் புகை, மிகுந்தால் திறவாத கதவு. குடிலின் படலைப் பிடித்து நின்ற தோட்டக்காரன் தேடியதும் இத்தகைய நடு அளவைத்தான்.

இத்தனை கருவிகளும் நாட்படக் கெடுபவை. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றிற் கீல் துருப்பிடிக்கும். கூரைக் கதவின் விளிம்பிற் பூசிய வண்ணம் கதவையே ஒட்டிக்கொள்ளும். அடைப்புத் தகட்டின் வழியே எவரோ பின்னாளில் ஒரு மின்கம்பியை இழுத்துவிட்டுப் போயிருப்பர். மின்சாரம் தடைப்பட்டபோது விசிறியை இயக்கவேண்டிய மின்பிறப்பாக்கியில் எண்ணெய் இராது. வெயிலுக்காகப் படிக்கட்டுக் கதவுக்குக் கல் ஒன்றை முண்டுகொடுத்து வைத்திருப்பர். கல் முண்டுகொடுத்த கதவுக்குப் பின்னே எவ்வளவு பெரிய விசிறி சுழன்றும் பயனில்லை. இவற்றில் ஒன்றேனும் வெளியே நின்று பார்ப்பவர்க்குத் தெரியாது. கட்டிடம் அழகாகவே நிற்கும்.

எனவேதான் நல்லாட்சியுள்ள நகரங்களில் இத்தகைய கட்டிடங்களுக்கு ஒரு பதிவேடு விதிக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை மணி கிழமைதோறும் அடிக்கப்படும். புகைக்கதவுகளும் விசிறிகளும் குறித்த காலந்தோறும் இயக்கிப் பார்க்கப்படும். ஆண்டுக்கு ஒருமுறை, தீ எழுந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஒரு மாடியிலுள்ள புகையுணரியைத் தூண்டி, மற்றெல்லாக் கருவிகளும் தத்தம் கடமையைத் தாமே செய்கின்றனவா என்று தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கப்படும். படிக்கட்டறையின் அமுக்கத்தை அளப்பதற்குக் கருவியுண்டு. அக்கருவி இல்லாதவரும், விசிறி இயங்கும்போது சாத்திய கதவின் கீழிடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம். படிக்கட்டறையிலிருந்து நடையை நோக்கிக் காகிதம் பறந்தால் விசிறி தன் வேலையைச் செய்கிறது. மாறாக உள்நோக்கி வளைந்தாலோ அசையாது நின்றாலோ, அன்றைய தேதியிட்டு அதனைப் பதிவேட்டில் எழுதி, பழுது திருத்தி, மீண்டும் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தபின்னரே கையொப்பமிடவேண்டும்.